பழைய ஹாட் ராட், எஞ்சின் மாற்றுக் கையேடுகள் சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஹாட் ராட் கையேடுகளைச் சேர்க்கிறேன் என்று சொன்னால் போதும், அடுத்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்ன விஷயம் பின்னால் தேவைப்பட்டால், எந்தப் பதிலில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

ஹாட் ராட் கையேடுன்னா என்ன? கார் கம்பெனி கொடுக்கிற மேனுவல்தானே?

கம்பெனி மேனுவல் காரை அது தயாரான நிலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லித் தரும். ஹாட் ராட் கையேடு அதே காரைப் பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினின் சக்தியைக் கூட்டச் சொல்லித் தரும். அப்படி மாற்றிய காருக்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். எழுதியவர்களும் வேறு ஆட்கள். கம்பெனி எஞ்சினியர்கள் அபூர்வம். பட்டறைக்காரர்களும் பந்தயம் ஓட்டியவர்களும்தான் அதிகம்.

இதன் ஊற்று தெற்குக் கலிபோர்னியா. 1920, 30களில் அங்கே மலிவாகக் கிடைத்த ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றிவிட்டு, மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள் இளைஞர்கள். 1937இல் இந்த ஓட்டங்களில் வேகத்தை அளக்க சதர்ன் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற சங்கமே உருவானது. 1932இல் ஃபோர்டு 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட ஃப்ளாட்ஹெட் வி8 எஞ்சினை (எட்டு சிலிண்டர்கள் வி வடிவில்; வால்வுகள் தலையில் இல்லாமல், எஞ்சினின் முக்கிய வார்ப்பான பிளாக்கிலேயே இருக்கும்) கொண்டுவந்தபின் இந்த ஆர்வத்துக்கு ஒரு மைய எஞ்சின் கிடைத்துவிட்டது. அதுவரை வாய்மொழியாக இருந்த அறிவு இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அச்சுக்கு வந்தது. நாம் தேடுவது அந்த அச்சுப் பிரதிகளை.

எஞ்சின் மாத்தறதுக்குன்னு தனியா ஒரு புத்தகம் எதுக்கு? தூக்கி வச்சு போல்ட் போட்டா ஆச்சு, இல்லையா?

தூக்கி வைப்பது ஒரு நாள் வேலை. பொருத்துவதில்தான் மாதங்கள் போகும். பழைய கியர்பாக்ஸோடு புது எஞ்சின் சேர ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். எண்ணெய்த் தொட்டி சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டியரிங் பாக்ஸில் முட்டும். ரேடியேட்டர் குழாய்கள் எதிர்ப்பக்கம் இருக்கும். 1948 வரையான ஃபோர்டு கார்களில் டிரைவ் ஷாஃப்ட் ஒரு மூடிய குழாய்க்குள் ஓடுகிறது; அதை அப்படியே வைத்துக்கொள்வதா, திறந்த ஷாஃப்ட்டுக்கு மாறுவதா என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். மின்சாரமும் அப்படித்தான்: 1955 வரை ஃபோர்டு 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்.

1949இல் கேடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் தலைமேல் வால்வு கொண்ட புதிய வி8 எஞ்சின்களை வெளியிட்டன. அதே காலத்தில் நியூயார்க்கில் பில் ஃப்ரிக் என்பவர் ஃபோர்டு காரில் கேடிலாக் எஞ்சினைப் பொருத்தி ‘ஃபோர்டிலாக்’ என்று விற்றார். பிறகு ஸ்டூடிபேக்கரில் பொருத்தியது ‘ஸ்டூடிலாக்’. அந்த மாதிரி வேலையைத் தன் கொட்டகையில் செய்ய நினைத்தவனுக்கு இந்த அளவுகள் எல்லாம் ஒரே இடத்தில் தேவைப்பட்டன. எஞ்சின் மாற்றுக் கையேடு பிறந்தது அப்படித்தான். நல்ல கையேட்டில் கதை குறைவாக இருக்கும். அளவும் படமும் பாக எண்ணும் நிறைய இருக்கும்.

எந்த வருஷம் வரைக்கும் ‘பழசு’ன்னு எடுத்துக்கலாம்?

நான் மூன்று காலமாகப் பிரிக்கிறேன். போர் முடிந்ததிலிருந்து 1954 வரை ஃப்ளாட்ஹெட் காலம். 1955இல் ஷெவர்லேயின் 265 கன அங்குல சிறிய வி8 வந்ததும் எல்லாம் மாறுகிறது. அங்கிருந்து 60களின் இறுதிவரை இரண்டாவது காலம். 70களில் மூன்றாவது. அப்போது ஷெவர்லே வேகா போன்ற சின்னக் கார்களிலும், ஜீப்பிலும், ஜாகுவாரிலும்கூட வி8 எஞ்சினைத் திணிக்கும் கையேடுகள் வந்தன.

முதல் காலத்துப் புத்தகங்களுக்குத்தான் போட்டி அதிகம். ஆனால் எஞ்சின் மாற்று வேலையின் நுட்பம் முழுமையாக வெளிப்படுவது இரண்டாவதில் என்பது என் கருத்து.

யார் யார் வெளியிட்டார்கள்? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

லாஸ் ஏஞ்சலஸில் ஃப்ளாய்ட் கிளைமர் என்ற பதிப்பாளர் எஞ்சின் வாரியாக நிறைய வெளியிட்டார். ‘கலிபோர்னியா பில்’ என்ற பெயரில் பில் ஃபிஷர் எழுதிய ஸ்பீடு மேனுவல்கள் ஃபோர்டுக்கும் ஷெவர்லேக்கும் தனித்தனியாக வந்தன. அதே ஃபிஷர்தான் பின்னாளில் ஹெச்பி புக்ஸ் பதிப்பகத்தைத் தொடங்கினார். ‘ஹாட் ராட்’ இதழை நடத்திய பீட்டர்சன் நிறுவனம் பத்திரிகைக் கட்டுரைகளைத் தொகுத்து ஆண்டு மலர்களாகவும் தலைப்பு வாரியான புத்தகங்களாகவும் போட்டது. ஃபாசெட் நிறுவனம் பத்திரிகைக் கடையில் தொங்கும் வகையில் மலிவான பதிப்புகளை வெளியிட்டது.

எல்லாவற்றையும் சேர்க்க முயலாதீர்கள். ஒரு எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ளாட்ஹெட் என்றால் ஃப்ளாட்ஹெட், ஷெவர்லே சிறிய வி8 என்றால் அது மட்டும். பத்துப் புத்தகம் ஒரே எஞ்சினைப் பற்றி இருந்தால் அவை ஒன்றையொன்று சரிபார்க்கும். பத்துப் புத்தகம் பத்து எஞ்சினைப் பற்றி இருந்தால் அலமாரி மட்டும்தான் நிறையும்.

மாத இதழ்களையும் வாங்க வேண்டுமா?

உங்கள் எஞ்சினைப் பற்றிய கட்டுரை இருந்தால் வாங்குங்கள். ‘ஹாட் ராட்’ இதழ் ராபர்ட் பீட்டர்சனால் 1948 ஜனவரியில் தொடங்கப்பட்டது, அப்போது விலை 25 சென்ட். ‘ராட் அண்ட் கஸ்டம்’ 1953இல் வந்தது. ஆரம்ப ஆண்டுகளில் கையடக்க அளவு. அதே ஆண்டு ‘ஹாங்க்’ என்று தொடங்கிய இதழ் சில மாதங்களிலேயே ‘கார் கிராஃப்ட்’ ஆனது. முழு வரிசையையும் பிடிக்கப் போனால் இடமும் பணமும் போதாது.

பாகம் விற்ற கம்பெனிகளின் கேட்டலாக் கூட சேர்க்கணுமா? அது விளம்பரம்தானே?

கட்டாயம் சேர்க்கணும். எடல்பிராக், ஆஃபன்ஹவுசர், இஸ்கெண்டேரியன் போன்றவர்களின் கேட்டலாக்குகளும், ஹானஸ்ட் சார்லி போன்ற தபால்வழிக் கடைகளின் கேட்டலாக்குகளும் எந்த ஆண்டில் எந்தப் பாகம் கடையில் கிடைத்தது என்பதற்கு நேரடிச் சான்று. ஒரு கையேடு “இந்த அடாப்டரை வாங்கு” என்று சொல்லும். அது எந்த கியர்பாக்ஸுக்கு எந்த எஞ்சினைச் சேர்க்கும் என்ற பட்டியல் கேட்டலாக்கில்தான் இருக்கும்.

இன்னொன்றும் வேண்டும்: ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் மேனுவல். பழைய உதிரிபாகக் காயலான்கடைகளுக்காகத் தயாரான தடித்த புத்தகம் அது. எந்த ஆண்டு, எந்தக் காரின் பாகம் வேறு எந்தக் காருக்குப் பொருந்தும் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். படிக்கச் சுவாரசியமே இருக்காது. என் அலமாரியில் அடிக்கடி கைக்கு வருவது அதுதான்.

புத்தகத்துல வருஷமே போடல. எப்பன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

முதலில் பதிப்பாளர் முகவரியைப் பாருங்கள். ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘லாஸ் ஏஞ்சலஸ் 28’ என்பதுபோல் ஓரிரு இலக்க எண் இருந்தால் அது 1943க்கும் 1963க்கும் இடைப்பட்ட அஞ்சல் மண்டல எண். ஐந்து இலக்க ஜிப் கோடு 1963 ஜூலையில்தான் வந்தது. ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் 1970 அல்லது அதற்குப் பிறகு. பீட்டர்சன் வெளியீடு என்றால் ஹாலிவுட் பூல்வார்ட் 5959 என்ற முகவரி 1950, 60களுக்குரியது; சன்செட் பூல்வார்ட் 8490 என்றால் பெரும்பாலும் 70களும் அதற்குப் பிறகும்.

அப்புறம் உள்ளே போங்கள். அச்சான ஆண்டை எஞ்சின்களே சொல்லிவிடும். கிரைஸ்லரின் ஹெமி (அரைக்கோள எரியறை கொண்ட வி8) பேசப்பட்டால் 1951க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஷெவர்லேயின் 283 கன அங்குல எஞ்சின் இருந்தால் 1957 அல்லது அதன் பிறகு. 327 என்றால் 1962, 350 என்றால் 1967. ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தை மட்டும் புதிதாகச் சேர்த்து மறுபடி அச்சடிக்கும் வழக்கம் இருந்தது. அதனால் புத்தகத்தின் வயதைத் தீர்மானிப்பது அதிலுள்ள கடைசி எஞ்சின். முதல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரிஜினலா, ரீபிரிண்டான்னு படத்தைப் பாத்து சொல்ல முடியுமா?

கையில் இருந்தால் பெரும்பாலும் சொல்லலாம். இணையத்தில் வரும் படத்தை வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஒரு பூதக்கண்ணாடியால் புகைப்படங்களைப் பாருங்கள். பழைய அச்சில் புகைப்படம் புள்ளிகளால் ஆனது. அச்சான பக்கத்தையே மறுபடி படமெடுத்து அச்சடித்தால் புள்ளிமேல் புள்ளி விழுந்து அலை அலையான கோலம் தெரியும். சாம்பல் நிறங்கள் கறுத்துப்போய், எஞ்சின் படத்தின் நிழல் பகுதியில் விவரமே இருக்காது. தாளின் ஓரம் மட்டும் பழுப்பேறி நடுப்பகுதி வெளிறியிருப்பது இயற்கையான வயது; பக்கம் முழுக்க ஒரே சீரான பழுப்பு என்றால் சந்தேகப்படுங்கள்.

ரீபிரிண்ட் கெட்டதில்லை. கலிபோர்னியா பில் மேனுவல்கள் முறையாகவே மறுபதிப்பாகியிருக்கின்றன. பட்டறையில் பயன்படுத்த மறுபதிப்பை வைத்துக்கொண்டு ஒரிஜினலைப் பத்திரப்படுத்துவதே நல்லது. ஒரிஜினல் என்று சொல்லி ரீபிரிண்டை விற்பதுதான் தவறு.

பக்கமெல்லாம் கிரீஸ் கறை, ஓரத்துல பென்சில் கிறுக்கல். இதை வாங்கலாமா?

தயங்காமல் வாங்குங்கள். நாணயம் சேர்ப்பவர்கள் மாதிரி மாசுமருவற்ற பிரதியைத் தேடும் பழக்கம் இந்தத் துறைக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிரீஸ் படிந்த பக்கம் என்றால் யாரோ அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். அச்சிட்ட அளவை அடித்துவிட்டு வேறு எண் எழுதியிருந்தால், அவர் அளந்து பார்த்திருக்கிறார். எந்தப் பாகம் எந்தக் கடையில் கிடைத்தது, எந்த விலை, எந்த போல்ட் சேரவில்லை என்பதெல்லாம் ஓரக் குறிப்புகளில்தான் இருக்கும். புத்தகத்தை எழுதியவர் விட்ட இடத்திலிருந்து அந்த வாசகர் தொடர்ந்திருக்கிறார்.

அந்தக் குறிப்புகளை ரப்பர் வைத்து அழிக்காதீர்கள். பழைய உரிமையாளரின் பெயர் முன்பக்கத்தில் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். உள்ளே செருகிய ரசீது, கடை அட்டை, நறுக்கிய விளம்பரம் இருந்தால் எந்தப் பக்கத்துக்கு நடுவே இருந்தது என்று குறித்து, தனி உறையில் அதே புத்தகத்தோடு வையுங்கள். காணாமல் போன பக்கம்தான் உண்மையான குறை. அளவு வரைபடம் உள்ள பக்கத்தையே பலர் கிழித்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். ஆகவே வாங்குமுன் பக்க எண்களை வரிசையாக எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

விலை எவ்வளவு கொடுக்கலாம்?

விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். அதே புத்தகம் ஏற்கெனவே விற்றுப்போன விலையைப் பாருங்கள். ஏல இணையதளங்களில் முடிந்த விற்பனைகளைத் தனியாகக் காட்டும் வசதி உண்டு. 70களின் புத்தகங்கள் இன்றும் மலிவு. லட்சக்கணக்கான கார்க்காரர்களுக்காக அச்சானவை அவை. அவசரம் வேண்டாம்.

இதெல்லாம் எங்கே கிடைக்குது? தமிழ்நாட்டில இருந்து வாங்க முடியுமா?

அமெரிக்காவில் இருப்பவர்களுக்குச் சந்தைகள்தான் சிறந்த இடம். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் ஒவ்வொரு அக்டோபரிலும் பழைய கார்ச் சங்கம் நடத்தும் பெரிய உதிரிபாகச் சந்தையில் காகிதச் சரக்கு விற்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். கலிபோர்னியாவில் பொமோனா சந்தையும் உண்டு. பாகம் விற்பவரின் மேசைக்கு அடியில் இருக்கும் அட்டைப்பெட்டியைக் கேட்டுப் பாருங்கள். அதில் இருப்பவை தாளுக்கென்று கடை போட்டவர் விலையைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

இங்கிருந்து வாங்கினால் புத்தக விலையைவிடத் தபால் செலவு கூடும். அமெரிக்கத் தபாலில் புத்தகத்துக்கான சலுகைக் கட்டணம் உள்நாட்டுக்கு மட்டும்தான். உறவினரோ நண்பரோ அங்கே இருந்தால் அவர்கள் வீட்டில் சேரவிட்டு, ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வதுதான் சுலபமான வழி. நேரடியாக அனுப்பச் சொன்னால், பிளாஸ்டிக்கில் சுற்றி, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைக்கும்படி முதலிலேயே எழுதிவிடுங்கள்.

சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல பழைய தாளை எப்படிக் காப்பாத்தறது?

இந்தக் கையேடுகளில் பாதிக்கு மேல் மட்டமான மரக்கூழ்த் தாள். அதில் அமிலம் உண்டு; வெளிச்சமும் சூடும் பட்டால் பழுத்து நொறுங்கும். நடுவில் அடித்த ஸ்டேப்பிள் பின் ஈரத்தில் துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளையும் அரிக்கும். வழவழப்பான தாளில் அச்சானவை நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது.

பாலியெஸ்டர் அல்லது பாலிப்ராப்பிலீன் உறையில், அமிலமற்ற அட்டை ஒன்றைப் பின்னால் கொடுத்து வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். அது நாளடைவில் மசகெண்ணெய் மாதிரி எதையோ வெளியிட்டு அச்சு மையில் ஒட்டும். செலோடேப் எக்காரணத்துக்கும் கூடாது. லேமினேஷனும் கூடாது. அலமாரி வெளிச்சுவரை ஒட்டியோ தரையை ஒட்டியோ இருக்க வேண்டாம். காற்று ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் நிலையாக இருந்தால் நல்லது. முடியாத வீட்டில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிகா ஜெல் போட்டு, அது நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். ராமபாணப் பூச்சியும் கரையானும் இருட்டில் அசையாமல் கிடக்கும் தாளைத்தான் தேடி வரும். மாதம் ஒருமுறையாவது எடுத்துப் புரட்டுங்கள்.

ஒரே எஞ்சினைப் பத்தி ரெண்டு புத்தகம் ரெண்டு விதமா சொல்லுது. எதை நம்பறது?

இதைக் கேட்பவரைக் கண்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் அவர் உண்மையிலேயே படித்திருக்கிறார். பெரும்பாலும் இரண்டுமே சரியாகத்தான் இருக்கும். ஒரே பெயரில் எஞ்சின்தான் மாறியிருக்கும். ஷெவர்லே சிறிய வி8ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1955இன் 265 பிளாக்கில் ஆயில் ஃபில்டர் பொருத்த இடமே கிடையாது, 1956இல் வந்தது. 1957 வரையான பிளாக்குகளை முன்பக்கத்தில்தான் தாங்க வேண்டும். பக்கவாட்டு மவுண்ட்டுக்கான இடம் 1958இல்தான் வார்க்கப்பட்டது. 1956இல் எழுதியவர் முன்பக்கத் தாங்கியை மட்டும் வரைந்திருப்பார், 1962இல் எழுதியவர் இரண்டையும் வரைந்திருப்பார். யாரும் பொய் சொல்லவில்லை.

ஃப்ளாட்ஹெட்டிலும் இதே கதைதான். ஆரம்ப ஹெட்டுகளில் 21 ஸ்டட் (ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் முளைகள்), பிறகு 24. 1948 வரையான கார் எஞ்சின்களில் பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடும் கூட்டின்) மேல்பாதி பிளாக்கோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. 1949 முதல் 1953 வரை தனியாகக் கழலும். கன அளவுக் கணக்கிலும் குழப்பம் வரும். ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்க்குரியின் 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கிராங்கைப் போட்டு, சிலிண்டரை 3-5/16 அங்குலத்துக்குக் கடைந்தால் 276 கன அங்குலம். இதையே ஒரு புத்தகம் கடையும் அளவாகச் சொல்லும், இன்னொன்று மொத்தக் கன அளவாகச் சொல்லும்.

அளவே நேருக்கு நேர் முரண்பட்டால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன்: எழுதியவர் எந்த ஆண்டு எஞ்சின் என்று சொல்கிறாரா, வேலை நடக்கும்போது எடுத்த படம் இருக்கிறதா, ஹாலண்டரும் கம்பெனி ஷாப் மேனுவலும் யாரை ஆதரிக்கின்றன. ஒரே வாக்கியம் பல புத்தகங்களில் அப்படியே வந்தால் அதைப் பல சாட்சிகளாக எண்ணாதீர்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் எடுத்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தப் புத்தகத்தைப் பார்த்து இன்னிக்கு ஒரு காரைச் செய்யலாமா?

அளவுகளுக்கும் பொருத்தங்களுக்கும் நம்பலாம். பாதுகாப்புக்கு நம்பக்கூடாது. அன்றைய பிரேக் லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. புத்தகமோ தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லும். சில புத்தகங்கள் கார்பன் டெட்ராகுளோரைடால் பாகங்களைக் கழுவச் சொல்கின்றன. அது கல்லீரலைக் கெடுக்கும் விஷம். ஸ்டியரிங் கைகளுக்குக் குரோம் பூசச் சொல்லும் இடங்களும் உண்டு. பூச்சுத் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் பாகம் ஒருநாள் திடீரென முறியலாம். பிரேக்குக்கு ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு எஞ்சின் சக்தியை இரட்டிப்பாக்கும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் பதறுகிறது. ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. பெட்ரோலும் வேறு: அந்த அமுக்க விகிதங்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குக் கணக்கிட்டவை.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சினில் கைவைக்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என்னிடம் இருப்பதை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா?

அமெரிக்க வெளியீடுகளுக்கு ஆண்டு முக்கியம். 1963 வரை வெளியானவற்றுக்கு 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் அவை பொதுவுடைமை. 1950களின் கையேடுகளில் இப்படி விடுபட்டவை இருக்க வாய்ப்பு உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புதுப்பிப்புத் தரவுத்தளத்தில் புத்தகங்களைத் தேடலாம். ஆனால் பத்திரிகைகள் அதில் இல்லை, அவற்றை அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பழைய பட்டியல்களில்தான் பார்க்க வேண்டும். 1964 முதல் 1977 வரை வெளியானவற்றுக்குப் புதுப்பிப்பு தானாகவே கிடைத்துவிட்டது. வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு. ஆக ஆண்டு போடாத புத்தகத்துக்கு, மேலே வருடம் கண்டுபிடிக்கச் சொன்ன வழிகள் இங்கேயும் உதவும்.

ஸ்கேன் செய்யும்போது பைண்டிங்கை அழுத்தித் தட்டையாக்காதீர்கள். முதுகில் பசை காய்ந்திருக்கும், ஒரே அழுத்தில் உடைந்துவிடும். பாதி திறந்த நிலையில் மேலிருந்து கேமராவால் எடுங்கள்.

எனக்குப் பிறகு இதையெல்லாம் யார் வாங்கிக்கொள்வார்கள்?

ஹெர்ஷியில் உள்ள பழைய கார்ச் சங்கத்தின் நூலகம், டெட்ராய்ட் பொது நூலகத்தின் தேசிய வாகன வரலாற்றுத் தொகுப்பு போன்ற இடங்கள் இந்த வகைக் காகிதங்களுக்கென்றே இருக்கின்றன. ஆனால் கேட்காமல் பெட்டி அனுப்பாதீர்கள். முதலில் பட்டியல் அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பது வேண்டாம் என்பார்கள். கேட்டலாக்குகளையும், குறிப்பெழுதிய பிரதிகளையும் பட்டியலில் தனியாகக் காட்டுங்கள், ஏனென்றால் இன்னொரு பிரதி கிடைக்காதவை அவைதான். வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்தப் பட்டியலில் ஒரு பிரதி கொடுத்து, எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.